இடைவெளிக் கணக்கு

மார்ச் 3, திங்கள்

பட்ஜெட் பருவம் வந்துவிட்டது. மனநலத்துக்கான பணத்தைக் குறைக்கிறோம் என்று எந்த ஆணையும் நேராகச் சொல்லாது. ‘மறுசீரமைப்பு’ என்று வரும், ‘சேவைகள் ஒருங்கிணைப்பு’ என்று வரும், ‘காலிப் பணியிடங்கள் தற்காலிகமாக நிறுத்திவைப்பு’ என்று வரும். தொகையைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் பிடிபடாது, நாட்களைத்தான் பார்க்க வேண்டும். வாரம் ஒரு முறை எடுத்த ரத்தம் இப்போது எத்தனை நாளுக்கு ஒரு முறை? 28-ஆம் நாள் போட்ட ஊசி எத்தனையாவது நாள் விழுகிறது? வார்டிலிருந்து வீட்டுக்குப் போனவரை மூன்றாம் நாள் யாராவது பார்த்தார்களா, மூன்றாம் வாரம்தானா?

இந்தத் துறையில் பெரிய கருவிகள் கிடையாது. குறித்த நாளில் தெரிந்த முகம் ஒன்று வருவதுதான் சிகிச்சையின் பெரும்பகுதி. ஸ்கேன் இயந்திரம் பழுதானால் ஊரே பேசும். ஒரு நர்ஸ் ஓய்வு பெற்று அந்த இடம் நிரப்பப்படாமல் போனால் யார் கண்ணிலும் படாது.

உலக சுகாதார நிறுவனத்தின் மனநல அட்லஸ் 2020 கணக்கில், அரசுகள் தங்கள் சுகாதாரச் செலவில் மனநலத்துக்குத் தருவது சராசரியாக 2 சதவீதம் அளவுதான். அதிலும் வெட்டு என்றால், கட்டியிருக்கும் கோவணத்தையும் உருவுகிற கதை.

மார்ச் 5, புதன்

முதலில் க்ளோசபின், ஏனென்றால் இதில் கணக்கு மணிக்கணக்கில் ஓடுகிறது.

மற்ற மருந்துகளுக்கு மசியாத ஸ்கிசோஃப்ரினியாவுக்கு (இல்லாத குரல்கள் கேட்கும் மனச்சிதைவு நோய்) கொடுக்கும் மாத்திரை இது. வெள்ளை அணுக்களைச் சாய்த்துவிடும் ஆபத்து இருப்பதால் ரத்தம் பார்க்காமல் மாத்திரை தர மாட்டார்கள். இங்கிலாந்தில் பல ஆண்டுகளாகப் பின்பற்றிவந்த முறை: முதல் 18 வாரம் வாரந்தோறும், பிறகு ஒரு வருடம் முடியும்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதன்பின் நான்கு வாரத்துக்கு ஒரு முறை.

இப்போது ரத்தம் எடுக்கும் கிளினிக் வாரத்தில் ஐந்து நாளிலிருந்து இரண்டு நாளாகச் சுருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை ஒருவருக்கு எழுந்திருக்க முடியவில்லை (இந்த மருந்தின் தூக்கம் அப்படி). அடுத்த வாய்ப்பு வெள்ளி. வெள்ளி எடுத்த ரத்தத்தின் முடிவு திங்கள்தான் மருந்தகத்துக்குப் போகிறது. கையிலிருந்த மாத்திரை சனிக்கிழமை காலையோடு தீர்ந்துவிட்டது. திங்கள் மதியம் 48 மணி நேரம் தாண்டியாகிவிட்டது.

48 மணி நேரம் தாண்டினால் பழைய அளவை அப்படியே கொடுக்கக் கூடாது. தினம் 400 மில்லிகிராம் சாப்பிட்டவராக இருந்தாலும் 12.5-இலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். அந்த இரண்டு நாளில் உடம்பு மருந்தின் பழக்கத்தை விட்டிருக்கும். முழு அளவையும் ஒரேயடியாகக் கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம், வலிப்பு வரலாம். படிப்படியாக ஏற்றி முடிக்க இரண்டு மூன்று வாரமாகும். அதற்குள் குரல்கள் திரும்ப வந்துவிட்டால் வார்டுதான். மிச்சம் பிடித்தது மூன்று நாள் கிளினிக். போனது பல வாரப் படுக்கைச் செலவு. ஆனால் கிளினிக் ஒரு கணக்குத் தலைப்பு, படுக்கை இன்னொரு தலைப்பு. இரண்டையும் ஒரே தாளில் யாரும் எழுதிப் பார்ப்பதில்லை.

செய்யக்கூடியது: ரத்தம் எடுக்கும் நாளை, மாத்திரை தீரும் நாளுக்குக் குறைந்தது மூன்று வேலைநாள் முன்னால் வையுங்கள். மாத்திரை தவறியவரிடம் ‘எப்போது வாங்கினீர்கள்?’ என்று கேட்பதில் பயனில்லை. ‘கடைசியாகப் போட்டது எந்த நாள், எத்தனை மணிக்கு?’ என்று கேட்டு அதை எழுதுங்கள். ஆள் குறையும்போது கேட்காமல் விட்டுப்போகிற இரண்டு கேள்விகள் இன்னும் உண்டு. மலச்சிக்கல் இருக்கிறதா? க்ளோசபினில் அது உயிரையே எடுக்கும். சிகரெட்டைத் திடீரென்று நிறுத்தினாரா? புகை நின்றால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும்.

மார்ச் 10, திங்கள்

அடுத்தது லித்தியம், மனநிலை அளவுமீறி ஏறி இறங்கும் இருமுனைக் கோளாறுக்கான மருந்து. இங்கே சிக்கனம் டெண்டர் வழியாக வருகிறது. போன மாதம் ஒரு தயாரிப்பு, இந்த மாதம் விலை குறைந்த வேறொன்று. பெட்டியின் நிறம் மாறுவது மட்டும்தான் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். லித்தியத்தில் எல்லாத் தயாரிப்பும் உடம்பில் ஒரே மாதிரி ஏறுவதில்லை. மாற்றினால் ஒரு வாரம் கழித்து ரத்த அளவு பார்த்தாக வேண்டும். கடைசி மாத்திரைக்குப் பின் சரியாக 12 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தம் வேண்டும். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு வந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை வைத்துக்கொள்வார்கள். 1.5-ஐத் தாண்டினால் கை கடகடவென நடுங்கும், வாந்தி, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாடும், பேச்சு குழறும். இதைப் பார்த்துக் குடித்திருக்கிறார் என்று திருப்பி அனுப்பிவிடுகிற ஆபத்தும் உண்டு.

சேமிப்பு டெண்டரில் நடக்கிறது. அதனால் கூடும் ரத்தப் பரிசோதனைகளுக்கோ லேபுக்குக் கூடுதலாக ஒன்றும் வருவதில்லை. சோதனை விட்டுப்போகும் இடம் இதுதான்.

மருந்து வரவே இல்லை என்றால் இன்னும் மோசம். லித்தியத்தை நிறுத்துவதாக இருந்தால் குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் வரை எடுத்துக்கொண்டு மெல்லக் குறைக்க வேண்டும். சட்டென்று நின்றால் மேனியா (கட்டுமீறிய மனவெழுச்சி) திரும்பும் வாய்ப்பு கூடும். கிடங்கு காலியாவதற்கு நான்கு வாரம் முன்னால் தகவல் வந்தால்கூட எதையாவது செய்யலாம். பெரும்பாலும் மருந்துச் சன்னலில்தான் தெரியவருகிறது.

மார்ச் 13, வியாழன்

மாத ஊசி, ஸ்கிசோஃப்ரினியாவுக்குத் தினசரி மாத்திரைக்குப் பதிலாகப் போடுவது. ஹாலோபெரிடால் டெகனோவேட்டை எடுத்துக்கொள்வோம். மருந்து எள் எண்ணெயில் கரைந்திருக்கும், தசையில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அரைவாழ்வு, அதாவது உடம்பில் மருந்து பாதியாகும் காலம், ஏறக்குறைய மூன்று வாரம். ஒரு ஊசி தவறினால் மூன்று வாரத்தில் பாதி, ஆறு வாரத்தில் கால், ஒன்பது வாரத்தில் அரைக்கால்.

அதாவது ஊசி தவறிய வாரம் ஒன்றுமே நடக்காது. அடுத்த வாரமும் நடக்காது. ஆள் நன்றாகவே இருப்பார், ‘ஊசி இல்லாமலே நன்றாக இருக்கிறேனே’ என்று அவருக்கே தோன்றும். தூக்கம் குறைவதும் பக்கத்து வீட்டார் மீது சந்தேகம் வருவதும் இரண்டு மூன்று மாதம் கழித்து. அதற்குள் காலாண்டு அறிக்கை போய்விட்டது: ஊசி கிளினிக் மூடப்பட்டது, பாதிப்பு எதுவும் பதிவாகவில்லை. அந்த அறிக்கையில் பொய் இல்லை, சீக்கிரம் எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான்.

தனி கிளினிக்கை மூடிப் பொது ஊசி அறையோடு சேர்த்தால் வேறொன்றும் நடக்கிறது. இந்த எண்ணெய் கெட்டியானது, மற்ற ஊசி மாதிரி குத்தி எடுத்துவிட முடியாது. 21 கேஜ் பருமனுள்ள ஊசி வேண்டும். புட்டத்தின் மேல்-வெளிப் பகுதியில் தோலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்து, நேராக ஆழத்தில் இறக்கி, மெதுவாக, ஒரு மில்லிக்குப் பத்து விநாடி என்ற கணக்கில் செலுத்த வேண்டும். செலுத்திய பின்னும் பத்து விநாடி பொறுத்து ஊசியை எடுத்து, பிறகுதான் தோலை விட வேண்டும். அப்போது உள்ளே போன பாதை விலகி மூடிக்கொள்ளும், எண்ணெய் பின்னால் கசியாது. ஒரே இடத்தில் 3 மில்லிக்கு மேல் கூடாது. தேய்க்கக் கூடாது. அடுத்த மாதம் மறுபக்கம். வெளியே நாற்பது பேர் வரிசையில் நிற்கும் அறையில் இதற்கு நேரமில்லை. அவசரமாகப் போட்டால் மருந்து தோலடியில் தேங்கிக் கட்டியாகும், ஒரு வாரம் உட்கார முடியாது. அவர் அடுத்த மாதம் வர மாட்டார். ஃபைலில் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று ஏறும்.

மார்ச் 19, புதன்

ஒருவர் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது பற்றி.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகரில், மருத்துவமனை வார்டு ஊழியர்களையே வீடுகளுக்கு அனுப்பும் ஒரு முறை உருவானது. அடிக்கடி வார்டுக்குத் திரும்புகிறவர்களுக்கான முறை அது. அதில் ஒரு ஊழியருக்குப் பத்துப் பேர் என்பது விதி. ஏன் பத்து? வாரம் 40 மணி நேரத்தில் பயணம், பதிவேடு, கூட்டம் போக முகத்துக்கு முகம் பார்க்க 20 மணி நேரம் மிஞ்சும் என்று வைத்தால், தலைக்கு இரண்டு மணி நேரம். அதில் சந்தைக்குக் கூட்டிப்போகலாம், வீட்டு உரிமையாளரிடம் பேசலாம், அடுப்பு எரிகிறதா என்று பார்க்கலாம். அதே ஊழியருக்கு நாற்பது பேரைக் கொடுத்தால் தலைக்கு அரை மணி. அந்த அரை மணியில் ஒரே கேள்விதான் கேட்க முடியும்: ‘மாத்திரை போடுறீங்களா?’ அதற்கு எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

முறையின் பெயர் மாறாமலேயே விகிதம் மட்டும் மாறிவிடும். மருத்துவர் நியமனத்தைவிட இந்த எண்ணைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

மார்ச் 24, திங்கள்

உதவித்தொகை மறுமதிப்பீடு. இது சுகாதாரத் துறையின் வெட்டு இல்லை, ஆனால் வந்து விழுவது மனநல கிளினிக்கில்.

இங்கிலாந்தில் 2010 முதல் 2013 வரை, உடல்நலக் குறைவால் உதவித்தொகை பெற்றவர்களை ‘வேலை செய்ய முடியுமா’ என்று திரும்பச் சோதித்தார்கள். 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று மாவட்டம் மாவட்டமாக ஒப்பிட்டது. மறுமதிப்பீடு செய்யப்பட்ட ஒவ்வொரு 10,000 பேருக்கும் 6 தற்கொலைகள் கூடுதலாகவும், மருந்துச்சீட்டில் மனச்சோர்வு மருந்துகள் 7,020 கூடுதலாகவும் இருந்தன. மொத்தத்தில் 590 தற்கொலைகள் அந்தக் கொள்கையோடு தொடர்புடையவை என்று கணக்கிட்டார்கள். காரணம் இதுதான் என்று அந்த வகை ஆய்வு அறுதியிடாது. ஆனாலும் ஒதுக்கிவிடக்கூடிய எண் இல்லை.

இன்னொன்று, ஒரே சொற்றொடரில் செய்த சிக்கனம். 2017 மார்ச்சில் பிரிட்டன் அரசு, வெளியே போய்வரும் திறனுக்கான உதவித்தொகை விதியில் ‘மன உளைச்சல் அல்லாத காரணங்களால்’ என்று சேர்த்தது. பார்வையற்றவர் துணையில்லாமல் போக முடியாவிட்டால் தொகையைத் தீர்மானிக்கும் புள்ளி உண்டு, பீதியால் போக முடியாதவருக்கு அதே புள்ளி கிடையாது. அதே ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் அது பாகுபாடு என்று தள்ளியது. 2018 ஜனவரியில் மேல்முறையீடு இல்லை என்று சொன்ன அரசு, 16 லட்சம் பேரின் கோப்புகளைத் திரும்பப் பார்ப்பதாக அறிவித்தது.

நடைமுறைக்கு வருவோம். பணம் நிற்பது பெரும்பாலும் தகுதியில்லாததால் அல்ல, கடிதத்தைப் பிரிக்காததால். கட்டிலுக்கடியில் ஒரு பை இருக்கும், பிரிக்காத உறைகள் நிறைந்து. பழையதிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் அனுப்பியவர் வாரியாகப் பிரித்து, உதவித்தொகை அலுவலக உறைகளை மட்டும் திறந்து, கடிதத்தில் அச்சான தேதிப்படி அடுக்குங்கள். கடைசிக் கடிதத்தை முதலில் படியுங்கள். முறையீட்டுக்கான கெடு கையில் கிடைத்த நாளிலிருந்து ஓடாது, பல இடங்களில் கடிதத்தின் தேதியிலிருந்தே ஓடும். கெடு தாண்டியிருந்தால் நோய்தான் காரணம் என்று மருத்துவரிடம் இரண்டு வரி வாங்கி, அதோடு அனுப்புங்கள்.

படிவத்தில் ‘சமைக்க முடியுமா?’ என்று இருந்தால் முடியும், முடியாது என்று ஒற்றைச் சொல்லில் எழுதக் கூடாது. ஆபத்தில்லாமல் முடியுமா? தினமும் முடியுமா? யாரும் சொல்லாமலே தொடங்குவாரா? தொடங்கியதை முடிப்பாரா? இரண்டு வாரத்துக்கு நாள்வாரியாக ஒரு தாளில் குறித்து, பதினான்கில் எத்தனை நாள் என்று எண்ணைப் போடுங்கள். இந்த நோய்கள் ஏறி இறங்குபவை. நேர்காணலுக்குக் குளித்து, தலைவாரி, வந்தவரைப் பார்த்து ‘தோற்றம் நேர்த்தி’ என்று எழுதுவார்கள். முந்தைய ஒன்பது நாள் அவர் குளிக்கவில்லை என்பதை அந்தத் தாள்தான் சொல்லும்.

மார்ச் 27, வியாழன்

சுருக்கமாக இரண்டு பழைய கணக்கு.

அமெரிக்காவில் 1955-இல் அரசு மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். 1963-இல் கென்னடி சட்டத்தில் கையெழுத்திட்டபோது, அதற்குப் பதிலாக 1,500 சமூக மையங்கள் வரும் என்பது திட்டம். ஏறக்குறைய பாதிதான் வந்தது. 1981-இல் ரேகன் காலத்தில் மத்திய நிதி மாநிலங்களுக்கான மொத்த மானியமாக மாற்றப்பட்டு, தொகையும் குறைந்தது. வார்டுகள் மூடியது மூடியதுதான்.

கிரேக்கத்தில் மனநலத்துக்கான அரசு நிதி 2010-க்கும் 2011-க்கும் இடையே 20 சதவீதமும், அடுத்த ஆண்டில் மேலும் 55 சதவீதமும் குறைந்தது. 100 ரூபாய் என்று வைத்தால் இரண்டே வருடத்தில் 36.

ஏப்ரல் 2, புதன்

டிஸ்சார்ஜ். வார்டை விட்டு வீட்டுக்குப் போன முதல் சில வாரங்களில்தான் தற்கொலை ஆபத்து உச்சத்தில் இருக்கிறது, அதிலும் முதல் சில நாட்கள். இங்கிலாந்தில் ஏழு நாளுக்குள் பார்க்க வேண்டும் என்றிருந்ததை 2020-இல் 72 மணி நேரமாகக் குறைத்தது இதனால்தான்.

படுக்கைகள் குறைந்தால் படுக்கைக்கான நெருக்கடி வார இறுதிக்கு முன் கூடும். வெள்ளி மாலை ஆளை அனுப்புவார்கள். 72 மணி நேரம் என்பது சனி, ஞாயிறு, திங்கள் மாலை. அதில் இரண்டு நாள் அலுவலகம் பூட்டியிருக்கும்.

வெள்ளிக்கிழமை அனுப்பியே ஆக வேண்டும் என்றால்: கொடுத்த போன் எண்ணுக்கு அவர் வார்டில் இருக்கும்போதே ஒரு முறை அடித்துப் பாருங்கள், மணி அடிக்கிறதா என்று. ஒரு மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். ஏழு நாளுக்குப் போதும், ஆனால் எட்டாம் நாள் மாத்திரை எங்கே யாரிடம் என்று முடிவு செய்துவிட்டுக் கொடுங்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதை ஃபைலைப் பார்த்து எழுதாமல் அவரிடமே கேளுங்கள். வார்டில் இருந்த இரண்டு மாதத்தில் மாறியிருக்கும். சீட்டில் ‘வெளிநோயாளர் பிரிவில் தொடர் கவனிப்பு’ என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிட்டு, திங்கள், காலை 10 மணி, வருகிறவரின் பெயர், அவருடைய எண் என்று எழுதுங்கள். எழுத அப்படி ஒரு பெயர் இல்லையென்றால் டிஸ்சார்ஜ் தேதியைத் தள்ளுங்கள்.