பழைய பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள்

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு, தாமிரபரணிக் கரை ஊர்களில் பலர் நனைந்த பத்திரங்களையும் தாத்தா காலத்துக் கணக்குகளையும் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துச் சென்றார்கள். இனித் தண்ணீர் படக் கூடாதென்று லேமினேட் செய்து வாங்கினார்கள். அக்கறையோடு செய்ததுதான். எனக்கோ வயிறு எரிந்தது.

அந்தப் பிளாஸ்டிக்கின் பசை சூட்டில் உருகிக் காகித நாருக்குள் இறங்கிவிடும். பிறகு பிரிக்கவே முடியாது. பழைய மைகள் பலவற்றில் இரும்புச் சத்தும் அமிலமும் உண்டு. அது காகிதத்தை அரித்து, எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை விழும். உறைக்குள் அடைபட்ட ஈரமும் அந்த அரிப்புக்குத் துணைபோகும். திரும்ப எடுக்க முடியாத எதையும் ஆவணத்தின் மேல் செய்யக் கூடாது என்பதே பாதுகாப்பாளர்களின் முதல் விதி.

எங்கள் தாத்தா மருதூர் மேலக்கால் பாசனத்தில் ஒரு கிராமத்துக் கர்ணம், அதாவது ஊர் நிலக் கணக்கு எழுதுபவர். 1980-இல் அரசு அந்தப் பரம்பரைப் பதவியை ஒழித்தபோது சர்க்கார் கணக்குகளை ஒப்படைத்துவிட்டார். அவர் கைப்பட எழுதிய குறிப்புகள் மட்டும் மச்சில் தங்கின. எந்த வருஷம் பிசான நெல் சாகுபடி பொய்த்தது, கால்வாய் தூர்வார எந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது என்றெல்லாம் அவற்றில் இருக்கிறது. தாலுகா ஆபீஸில் தேடினாலும் இது கிடைக்காது.

கூரை ஒழுகி அந்தக் கட்டும் நனைந்தது. சித்தி வெயிலில் காயப்போடக் கிளம்பினார், தடுத்துவிட்டேன். கடும் வெயிலில் காகிதம் முறுகும், மை வெளுக்கும். ஆனால் இரண்டு நாள் ஈரமாகவே விட்டாலும் பூஞ்சை பிடித்துவிடும். தாள்களுக்கு இடையே அச்சிடாத வெள்ளைத் தாள் வைத்து, அடிக்கடி மாற்றி, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்தினோம். துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, பழைய பருத்தி வேட்டியில் சுற்றினோம். வேட்டியில் கஞ்சி இருக்கக் கூடாது. இராமபாணப் பூச்சிக்கு அதுதான் தீனி. பக்கத்தில் வசம்பு வைத்திருக்கிறோம். ஓலைச் சுவடிக்குத் தடவும் புல்லெண்ணெயைக் காகிதத்தில் தடவவே கூடாது.

கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி வந்தபோது, பழைய சுவடிகளை நெய்யில் தோய்த்து ஆகுதியாக நெருப்பில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அதுவும் பக்தியோடு செய்ததுதான்.

லேமினேட் செய்தே ஆக வேண்டுமென்றால் நகலைச் செய்யுங்கள். ஏற்கெனவே மூலத்தைச் செய்துவிட்டவர்கள் பிரிக்க முயல வேண்டாம். இருபுறமும் படம் எடுத்துக்கொண்டு, சூடும் வெளிச்சமும் படாத இடத்தில் வையுங்கள்.