இறக்கையில் உப்புப் பூத்திருந்தது

"பெயின்ட்தான் லேசா உப்பியிருக்கு சார். தேய்ச்சு, மேல ஒரு கோட் அடிச்சுக் குடுத்துடுங்க." விமானப் பயிற்சிப் பள்ளிக்காரர்கள் போனில் சொன்னது இவ்வளவுதான். 2020 ஊரடங்கில் வெட்டவெளியில் கட்டிப்போட்ட பைப்பர் பிஏ-28 என்ற சின்ன விமானம் அது. பிறகு யாரும் அவிழ்க்கவில்லை. பக்கத்திலேயே கடல்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று நம்புகிறவர்கள் அதிகம். சிவப்பாகப் பிடிக்காது, அவ்வளவுதான். பழைய செங்கல் சுவரில் உப்புப் பூக்கிற மாதிரி வெள்ளையாய்ப் பூக்கும். அந்த இறக்கையின் அடிப்பக்கத்தில் பெயின்டுக்குள் புழு ஊர்ந்த தடங்கள் போல மெல்லிய கோடுகள் ஓடின. தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் தலைகளைச் சுற்றிக் கடுகளவு கொப்புளங்கள். ஒன்றைப் பிளாஸ்டிக் சுரண்டியால் தொட்டேன். பெயின்ட் செதிலாக உதிர்ந்து, உள்ளேயிருந்து மாவு கொட்டியது.

என் மூத்த ஏஎம்இ, அதாவது விமானப் பராமரிப்புப் பொறியாளர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை அதன்மேல் வைத்துப் பார்த்தார். "தோலை விடு தம்பி. ஸ்பாரைப் பார்க்கணும். டேங்கைக் கழட்டு."

ஸ்பார் என்றால் இறக்கையின் பாரத்தைத் தாங்கும் முதுகெலும்பு. பிஏ-28இல் எரிபொருள் டேங்க் இறக்கையின் முன்விளிம்பில், முதன்மை ஸ்பாருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். அதைக் கழற்றினால்தான் ஸ்பாரின் முகம் முழுசாகத் தெரியும். சுற்றிலும் வரிசையாக ஸ்க்ரூக்கள். அலுமினியத்துக்குள் எஃகு, நடுவே உப்பு ஈரம். கேட்க வேண்டுமா? முதல் நாள் முழுக்க அவற்றோடு மல்லுக்கட்டினோம். எண்ணெய் ஊற்றி இரவு ஊறவிட்டும் கால்வாசி அசையவில்லை. பிடிவாதம் பிடித்தவற்றின் தலையைத் துளைத்தே எடுத்தோம். இந்த வேலைக்குக் கூலி கேட்கும்போதுதான் உரிமையாளர்கள் முகம் சுளிப்பார்கள்.

டேங்க் வெளியே வந்தபோது இன்னொரு விஷயமும் தெரிந்தது. இறக்கை விமான உடலோடு சேரும் இடத்தில் எலிக்கூடு. வைக்கோல், பஞ்சு, பிஸ்கட் உறைகள். எலி மூத்திரம் அலுமினியத்தை அரிப்பதில் கடல் காற்றுக்குச் சளைத்ததல்ல. கூடு இருந்த இடத்துத் தகடு ஈயம்போலக் கறுத்துக் குழிகுழியாகக் கிடந்தது. ஸ்பாரில் இரண்டு இடத்தில் மட்டும் வெள்ளை பூத்திருந்தது.

இதற்குப் பிறகு வருவதுதான் என்னைப் பயமுறுத்தும் கட்டம். அரிப்பை அப்படியே விட முடியாது, துளி மிச்சமிருந்தாலும் பிரைமருக்கு அடியில் தொடரும். ஆனால் தேய்க்கத் தேய்க்க நல்ல உலோகமும் போகிறது. எவ்வளவு ஆழம் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. வெள்ளை மாவு முழுதும் போய், பளபளப்பான உலோகம் தெரிந்த பிறகுதான் அளவுமானியை வைக்கவே முடியும். எஃகுக் கம்பி பிரஷ்ஷையும் ஸ்டீல் வூலையும் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. எஃகுத் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்துவிட்டால் புது அரிப்புக்கு நாமே விதை போட்ட மாதிரி. நைலான் பேடும் அலுமினியம் ஆக்ஸைடு தாளும்தான். குழியைக் குழியாகவும் விடக் கூடாது. ஆழத்தைப் போல இருபது மடங்கு நீளத்துக்குச் சரித்து, தட்டுபோல மழுப்ப வேண்டும். கூர்மையான விளிம்பு இருந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும்.

ஸ்பார் கையேட்டின் வரம்புக்குள் நின்றது. மின்சுழலால் விரிசல் தேடும் எடி கரன்ட் சோதனைக்கு வந்தவர் விரிசல் இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. எலிக்கூடு இருந்த தகடு தேறவில்லை. ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத தகட்டில் தேய்க்க என்ன இருக்கிறது? வெட்டியெடுத்துப் புதுத்துண்டு வைத்தோம்.

ரிவெட் அடிப்பது இருவர் வேலை. நான் வெளியே ரிவெட் கன்னோடு, இன்னொரு பையன் டேங்க் இருந்த பள்ளத்துக்குள் தலையை நுழைத்து, ரிவெட்டின் மறுமுனையில் அண்டக்கொடுக்கும் பக்கிங் பார் என்ற உலோகக் கட்டியோடு. அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது. தட்டல்தான் பாஷை. ஒரு தட்டு, இன்னும் அடி. இரண்டு, சரி. மூன்று, கெட்டுப்போச்சு, துளைத்து எடு. 3.2 மில்லிமீட்டர் ரிவெட்டின் மறுமுனை நசுங்கி உருவாகும் உள்தலை 4.8 அகலமும் 1.6 உயரமும் வர வேண்டும். முதல் மணி நேரத்தில் மூன்று தட்டுதான் அதிகம் கேட்டது.

பிறகு அலோடைன், அலுமினியம் அரிக்காமல் இருக்கப் பூசும் ரசாயனம். பூசுமுன் தண்ணீர் ஊற்றிப் பார்ப்போம். முத்து முத்தாகப் பிரிந்தால் எண்ணெய்ப் பசை இருக்கிறது, மறுபடி கழுவ வேண்டும். படலமாகப் படர்ந்தால் சரி. இரண்டு மூன்று நிமிடம் காயவிடாமல் ஈரமாகவே வைத்திருந்தால் தங்க நிறம் ஏறும். பார்க்க அழகுதான், ஆனால் உள்ளே இருக்கும் குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது, கையுறை இல்லாமல் தொடக் கூடாது. துடைத்த துணி காய்ந்தால் தீப்பிடிக்கும் என்பதால் வாளித் தண்ணீரில் முக்கி வைத்தோம். அதன்மேல் எபாக்ஸி பிரைமர், பெயின்ட். கடைசியாக இறக்கைக்குள் அரிப்புத் தடுப்பு எண்ணெயைப் புகைபோல அடித்து மூடினோம். அது மெல்ல ஊர்ந்து இடுக்கெல்லாம் போகும், மிச்சம் சில நாள் தகடுகள் சேரும் இடுக்கு வழியே சொட்டும். சொல்லிவிட்டுத்தான் வந்தோம்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குப் போன்.

"சார், இறக்கையிலேர்ந்து என்னமோ ஒழுகுது!"

"நீல நிறமா இருக்கா?" என்று கேட்டேன். விமானப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் உண்டு.

"இல்ல சார், எண்ணெய் மாதிரி இருக்கு."

"துடைச்சு விடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.