சங்கு ஊதுகிறது

மே 9

வீட்டுக்காரருடைய ரிப்போர்ட் வந்துவிட்டது. வலது டொன்சிலில் புற்றுநோய். 'பி16 பாசிட்டிவ்' என்று தனி வரியில் போட்டிருக்கிறது. பாசிட்டிவ் என்றால் நல்லதா கெட்டதா டீச்சர் என்று கேட்டார். கொரோனா நேரத்தில் அந்தச் சொல்லைக் கேட்டு தோட்டத்து லயமே கதவைச் சாத்தியது. தெரியாது என்றேன்.

மே 10

சவரம் செய்யும்போது கையில் தட்டுப்பட்ட கழுத்துக் கட்டி வலிக்கவே இல்லை. வலித்திருந்தால் பொங்கலுக்கு முன்னமே காட்டியிருப்போம்.

மே 14

கண்டி. கினிகத்தேனை வரைக்கும் மழை, நாவலப்பிட்டி தாண்டினால் வெயில்.

டொக்டர் முதலில் கேட்டது: சிகரெட்? இல்லை. வெற்றிலை, புகையிலை? இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர், நாக்கால் சோறு சாப்பிடுகிற மனுசன், அதைக் கெடுத்துக்கொள்வாரா. மாமி நாப்பது வருசமாகப் புகையிலை வைத்து வெற்றிலை போடுகிறார். அந்த வாயில் ஒரு புண் இல்லை.

இது வைரஸ் என்றார் டொக்டர். எச்.பி.வி., அதில் 16ஆம் வகை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான அதே வைரஸ், உடலுறவால் தொற்றுவது. ஒரு தாளைத் திருப்பிப் போட்டுக் கீறினார். கெட்டுப்போன செல்லை நிறுத்த உடம்பில் பி53 என்று ஒரு காவல் உண்டு, வைரஸின் ஈ6 அதை அழித்துவிடும். செல் கண்டபடி பிரியாமல் பிடித்துவைக்க ஆர்.பி. என்று இன்னொன்று உண்டு, ஈ7 அதைக் கட்டிப்போட்டுவிடும். பி16 வைரஸே இல்லையாம், நம்முடைய சொந்தப் புரதமாம். 'நிறுத்து நிறுத்து' என்று சொல்வது அதன் வேலை. ஆர்.பி. இல்லாததால் அது சொல்வதைக் கேட்க ஆளில்லை. அதனால் மேலும் மேலும் குவிகிறது.

பஸ்ஸில் இவர் சொன்னார்: "வெளங்கிருச்சு டீச்சர். சங்கு ஊதிக்கிட்டே கெடக்கு, பெரட்டுக்கு ஒருத்தனும் வரல." தோட்டத்தில் சங்கு ஊதினால் காலையில் வேலைக்கு ஆள் கூடுவதுதான் பெரட்டு.

புகையிலையால் வருவதைவிட இது மருந்துக்கும் கதிருக்கும் நன்றாக மசியும் என்றும் டொக்டர் சொன்னார். மதினிக்கு அதை மட்டும் போனில் சொன்னேன். வைரஸ் என்று சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி எதுவென்று தெரியும்.

மே 16

பாடசாலையில் ஊசி. 6ஆம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு, அதே எச்.பி.வி. ஊசி. 2017இலிருந்து போடுகிறார்கள். ஒவ்வொரு வருசமும் படிவத்தை வாங்கி அடுக்கிக் கொடுத்தவள் நான்தான், எதற்கென்று ஒருநாளும் வாசித்ததில்லை. ஒரு தாய் கையெழுத்துப் போட மறுத்தார். "கல்யாணம் கட்டாத புள்ளைக்கு எதுக்கு டீச்சர்?" பொதுவாக நான் பொறுமையானவள். இன்று கத்திவிட்டேன். போட்டுவிட்டுத்தான் போனார்.

பின்வாங்கில் ஒரு பையன், "எங்களுக்கு இல்லையா டீச்சர்?"

மே 27

கதிர் சிகிச்சை, முதல் நாள். முகத்துக்கும் தோளுக்கும் அச்செடுத்த வலைமூடியைப் போட்டு மேசையோடு பூட்டுகிறார்கள். வெளியே வந்தபோது நெற்றியெல்லாம் கட்டம் கட்டமாகத் தடம். 35 தடவை. வாரத்தில் ஒருநாள் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து. கட்டுகஸ்தோட்டையில் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறோம்.

ஜூன் 14

15 முடிந்தது. அக்கா நல்ல டஸ்ட் போட்டுச் சாயத்தேத்தண்ணி கொடுத்தாள். உறிஞ்சினார், வாயில் உருட்டினார், பழக்கதோசத்தில் துப்ப இடம் தேடினார். பிறகு கொப்பியில் எழுதினார்: 'சுடுதண்ணி.'

பேசினால் வலிக்கிறது. இனிக் கொப்பிதான்.

ஜூன் 19

காதுக்குள் வண்டு கத்துகிறதாம். சிஸ்பிளாட்டின் வேலை.

ஜூன் 21

போசன் போயா, பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறை. கதிர் இல்லை. தெரு முழுக்க வெளிச்சக்கூடு.

கல்யாணத்துக்கு முந்தி இரண்டு வருசம் கொழும்பில் இருந்தார். வத்தளையில் அறை. இதற்கு முன் அந்த இரண்டு வருசத்தை நான் நினைத்ததே இல்லை. இப்போது பாத்திரம் கழுவும்போதும் வத்தளை, பஸ்ஸிலும் வத்தளை.

டொக்டரிடம் தனியே கேட்டேன், தாளைப் பார்த்துக்கொண்டே. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது என்றார். வாழ்க்கையில் ஒரு தடவையாவது இந்த இனத்தில் ஏதோ ஒன்று தொற்றாத ஆள் குறைவு. பெரும்பாலும் ஒன்றிரண்டு வருசத்தில் உடம்பே துடைத்துவிடும். சிலரில் மட்டும் தங்கிவிடும். காய்ச்சல் காட்டாது, இரத்தத்தில் ஏறாது, செல்லை உடைத்துக்கொண்டு வராது, அதனால் உடம்புக்குச் சந்தேகமே வராது. பல வருசம் கழித்துத்தான் கட்டி.

அப்படியானால் நானாகவும் இருக்கலாம். என்னில் வந்து, என்னில் துடைபட்டு, இவரில் தங்கியிருக்கலாம். இது ஏன் முதலில் தோன்றவில்லை?

கட்டிக்குள் வெள்ளணுக்கள் நிறைய ஏறியிருக்கின்றன, அது நல்ல குறி என்றார். எதிரியை அடையாளம் கண்டு போய் நிற்கிற படை. ஆனால் பக்கத்தில் நின்றே களைத்துப் போகுமாம், கட்டி அதன் கையைக் கட்டிவிடுமாம். பிந்தியென்றாலும் பெரட்டுக்கு ஆள் வந்திருக்கிறது என்று இவரிடம் சொன்னேன். சிரிக்கப் பார்த்தார், வலித்தது.

இரவு கொப்பியை நீட்டினார். 'கேக்க நெனைக்கிறத கேளு டீச்சர்.'

கஞ்சி சூடாக இருக்கிறதா என்று கேட்டேன்.

ஜூன் 28

மாமி வந்தார், ஹட்டனிலிருந்து தனியாக, ரயிலில். மடியில் வெற்றிலைப் பை இல்லை. எங்கே என்றால், "தொலஞ்சு போச்சு" என்கிறார்.

ஜூலை 2

25. மூக்குக் குழாய் போட்டாயிற்று. கழுத்துத் தோல் கறுத்து உரிகிறது, கட்டி இருந்த இடம் விரலுக்குத் தட்டுப்படவில்லை. மூன்று தரம் தடவிப் பார்த்தேன். நாளைக்கு உப்பும் ஆப்பச்சோடாவும் வாங்க வேண்டும், கொப்புளிக்க. மதினி போன் எடுக்கிறார், இனிச் சொல்லிவிடலாம் என்று

குழாய் அடைத்துக்கொண்டது. நேர்ஸைக் கூப்பிட வேண்டும்.