கூட்டம் பிரியும் காலம்: பண்டாரவளைத் தேனீக் குறிப்புகள்

ஜூன் 14
மூத்த பெட்டியில் அடைகளின் கீழ்விளிம்பில் புது இராணிகள் வளரும் அறைகள் தொங்குகின்றன. இரண்டின் வாய் மூடியாயிற்று. இனி வெயில் ஏறிய ஒரு பொழுதில் பழைய இராணி பெருங்கூட்டத்தோடு கிளம்பிவிடும். வெற்றுப் பெட்டிக்குள் தேன்மெழுகு தேய்த்து வைத்தேன்.

ஜூன் 16
காலையிலேயே பிரிந்துவிட்டது. வாசல் முழுக்க இரைச்சல், அப்புறம் வேலியோரக் கொய்யாக் கிளையில் கொத்தாக அடங்கின. பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அக்கா தீப்பந்தத்தோடு ஓடி வந்தார்.

"கொட்டிருமே தம்பி, புள்ளைங்க விளையாடுற இடம்."

காக்க அடையும் இல்லை, புழுவும் இல்லை. வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டு வந்தவை. சீண்டாமல் விட்டால் பெரும்பாலும் கொட்டாது என்று சொல்லி, கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வைத்தேன். பந்தத்தை அணைத்துவிட்டார். எனக்குப் பெரிய நிம்மதி.

விட்டுவைத்தால் வேவு பார்த்துவரும் ஈக்கள் ஆடிக் காட்டும் பொந்துக்குப் போய்விடும். மாலையில் கிளையை உலுக்கிப் பெட்டியில் இறக்கினேன். பழைய பெட்டியிலிருந்து புழு உள்ள அடை ஒன்றும் வைத்தேன். புழுவை விட்டு எளிதில் போகாது. வாசலில் இராணித் தடுப்பு: வேலைக்கார ஈக்கள் நுழையலாம், இராணி வெளியேற முடியாது.

ஜூன் 21
காலில் மகரந்தத்தோடு திரும்புகின்றன. தடுப்பை எடுத்துவிட்டேன்.

ஜூலை 9
யூகலிப்டஸ் பூத்துவிட்டது. தென்மேற்குப் பருவமழை ஹட்டன் பக்கம் கொட்டித் தீர்க்க, பண்டாரவளை இருக்கும் ஊவாவில் காய்ந்த காற்று. இந்த வறட்சிதான் இங்கத்தைத் தேயிலைக்கு மணம் தருகிறது. பூவிலுள்ள தேனும் மழையில் கரையாமல் நிற்கிறது. தாழ்நாட்டில் ரப்பர் தளிர்க்கும் காலத்தில் இலைக்காம்பில் ஊறும் தேன் ஓய்ந்தபின், அங்கிருந்து பெட்டிகளை இங்கே ஏற்றி வருவதும் இதற்காகத்தான்.

ஜூலை 23
மலைத்தேனீயும் வந்துவிட்டது. தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலைக்கு மேலே, உயர்ந்த மரத்தில் ஒற்றைப் பெரிய அடை. இதன் கதை வேறு. ஒன்று கொட்டினால் அந்த வாடைக்கே மற்றவையும் பாய்ந்து வரும். கூடை சுமந்த பெண்கள் சரிவில் ஓடவும் முடியாது. ராத்திரி தீ வைக்கலாம் என்றார் வேலையை மேற்பார்க்கும் கங்காணி. பூ முடிந்தால் தானாகவே இடம் மாறிவிடும் அண்ணே, அதுவரை அந்தச் சரிவில் ஆள் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். உயிர்தான் முதலில், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. சரி, தோட்டத்துத் துரையிடம் பேசுகிறேன் என்றார்.

ஜூலை 25
அந்த மலைக்கு இன்று பெரட்டில் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில்) யார் பெயரும் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 30
புதுக் கூட்டம் தேன் நிறைந்த அடைகளை மெழுகால் மூடத் தொடங்கிவிட்டது. ஓர அடையில் மட்டும் தேன் எடுத்தேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவை வெளியே போக முடியாது, மீதி அவற்றுக்குத்தான் வேண்டும். அக்கா வீட்டுக்கு ஒரு போத்தல் கொடுத்தனுப்பினேன்.