மொய் நோட்டில் ஒரு எம்.எஸ்.டபிள்யூ.

எட்டாக மடித்த ஐந்நூறு ரூபாய்த் தாளைச் சுருக்குப்பையிலிருந்து எடுத்து, நீவி நீவி மேசையில் வைத்தார் அந்த அப்பாயி.

"புள்ள என்ன படிக்கப் போவுது?"

"சமூகப்பணி, அப்பாயி. ரெண்டு வருசம்."

"ஊருக்கு ஒழைக்கிறதுக்குமா படிப்பு?"

பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்த எனக்குப் பதில் வரவில்லை. பொறியியல் என்றால் கேட்டிருக்க மாட்டார்.

கீரமங்கலத்தில் இன்று அக்கா வைத்த மொய் விருந்து. ஆடி வந்தால் பேராவூரணி வரைக்கும் இதுதான். கறிச்சோறு போட்டு மொய் வாங்கிக் கடை வைப்பார்கள், போர்வெல் போடுவார்கள். அக்கா மகளுக்கு எழும்பூரில், 1952-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கில் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கட்டணத்தைவிட சென்னையில் தங்கும் செலவுதான் மிரட்டுகிறது.

வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. ஆனால் நோட்டில் ஏறிய ஒவ்வொரு பெயருக்கும், அவர்கள் வீட்டு விருந்தில் கொஞ்சம் கூட்டியே திருப்பிச் செய்தாக வேண்டும். அக்கா இப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள், பாவம்.

அப்புறம் பந்திப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அக்கா மகள் அதே அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து, முதியோர் பென்ஷன் எந்த மாதத்திலிருந்து வரவில்லை என்று கேட்டுக் கேட்டு போனில் குறித்துக்கொண்டிருந்தாள். அவள் இலையில் குழம்பு ஆறிப்போயிருந்தது.