நிலை 2

“வர்றானே டீச்சர், அது போதாதா?” என்று எச்.எம். கேட்டதற்கு அன்று நான் சொன்ன பதில் சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விட மாட்டேன் என்கிறது.

பள்ளி தன்னைத்தானே மதிப்பிட்டுக்கொள்ளும் ‘ஷாலா சித்தி’ படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தோம். ஏழு களம், 46 தரநிலை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை ஒரு நிலை போட வேண்டும், 3தான் உயர்ந்தது. மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. மூன்றாவது களத்தில் மாணவர் வருகைக்கு வந்தபோதுதான் நின்றோம். செயலியில் பதிவான வருகையைப் பார்த்தால் நிலை 3 தாராளமாகப் போடலாம். நான் 2 என்றேன்.

ஒன்பதாம் வகுப்புக் கடைசி பெஞ்சை மனதில் வைத்துத்தான் சொன்னேன். சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே மீன் ஏலம் தொடங்கிவிடும். ஐஸ் பெட்டி தூக்கிவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்து, முதல் பீரியட் முடியும் நேரத்துக்கு வந்து சேருவார்கள். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருக்கும். நான் குழியாடிக்குக் கதிர்ப்படம் வரைந்துவிட்டுத் திரும்புவதற்குள் ஒருவன் நோட்டின் மேலேயே தூங்கியிருப்பான். அவன் இழுத்த பென்சில் கோடு ஆடியைத் தொடாமல் நோட்டின் ஓரத்துக்கு ஓடியிருக்கும். எழுப்பினால் சட்டென்று எழுந்து “சாரி மிஸ்” என்பான். பதிவேட்டின்படி அவன் அன்று வந்தவன்.

ஜூனில் இது இன்னும் மோசம். விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிகிறது. துறைமுகத்தில் வேலை குறைந்திருக்கும் நாட்களில் பெரும்பகுதி கோடை விடுமுறையிலேயே போய்விடும். பள்ளி திறக்கிற சமயத்தில்தான் படகுகளும் கடலுக்குக் கிளம்பும்.

“கழிப்பறைக்கே ரெண்டு கட்டம் வச்சிருக்காங்க மேடம். இருக்குதான்னு ஒண்ணு, பயன்படுத்துற மாதிரி இருக்குதான்னு ஒண்ணு. பையனுக்கு மட்டும் வந்தானா இல்லையான்னு பார்த்தா போதுமா?” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா ரெண்டுன்னு போட்டா ஏன்னு கேப்பாங்க, பேர் லிஸ்ட் கேப்பாங்க. நாலு பேர் வீட்டு வாசல்ல போய் நின்னா அவங்கப்பா படிப்பையே நிறுத்திடுவாரு. அப்புறம் நாம யாருக்குப் பாடம் எடுக்கிறது?” என்றார். பிறகு அவரே, “சரி, ரெண்டே போடுங்க” என்றார்.

பட்டியல் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். வீடுகளுக்கும் போனார்கள். ஒரு பையனின் அம்மா பள்ளிக்கே வந்து பேசிவிட்டு, அவனுடைய மாமாவிடம் சண்டை போட்டு அந்த வேலையை நிறுத்தினார். இப்போது பிரேயருக்கே வந்துவிடுகிறான். இன்னொருவன் அரையாண்டுக்குப் பிறகு வரவில்லை. டி.சி. வாங்கவில்லை, பெயர் மட்டும் பதிவேட்டில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். அவன் அதைத் தாண்டிவிட்டான். ஒன்பதாம் வகுப்பில், பிள்ளை நழுவிப்போகிற வயதில் சட்டம் கையை விட்டுவிடுகிறது. எட்டாம் வகுப்பு வரை நாங்கள் பிடிக்கிற பிடியெல்லாம் எதற்கு என்று அப்போது ஆத்திரமாக வரும்.

அவன் நின்றதற்கு அந்தப் பட்டியல்தான் காரணமா? அவன் அப்பா முன்பே அந்த முடிவில் இருந்தார் என்று தெருவில் சொல்கிறார்கள். இருக்கலாம். நிலை 3 போட்டிருந்தால் அந்தப் பையன்களின் தூக்கம் எந்தக் காகிதத்திலும் ஏறியிருக்காது என்பதும் உண்மை. பள்ளிகளை வரிசைப்படுத்த அல்ல, பள்ளி தன்னை மேம்படுத்திக்கொள்ளத்தான் இந்த மதிப்பீடு என்று பயிற்சியில் சொன்னதை நான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். ஆனால் 2 போட்டதற்குப் பிறகு வந்ததெல்லாம் பட்டியல் கேட்ட போன்தான். காலை ஏலத்துக்குப் போகிற பிள்ளைக்கு மாலையில் ஒரு மணி நேரம் தனியாகச் சொல்லிக்கொடுக்க ஆள் வரவில்லை.

எச்.எம். செய்துகொண்டிருந்ததையும் சொல்ல வேண்டும். அந்தப் பையன்கள் எத்தனை மணிக்கு வந்தாலும் கேட்டில் நிறுத்தக் கூடாது, திட்டக் கூடாது என்று வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருந்தார். ‘சாப்பிட்டியா’ என்று கேட்டுத்தான் வகுப்புக்கு அனுப்புவார். இதை எந்தத் தரநிலையில் எழுதுவது? எழுதினால் அதுவே தாமத வருகையை அனுமதித்த குறையாகத்தான் பதிவாகும். அவர் காத்தது பள்ளியின் பெயரையா, அந்தப் பையனையா? அன்று பெயரை என்று நினைத்தேன். இப்போது இரண்டையும் என்று தோன்றுகிறது.

அடுத்த படிவம் வரும்போதும் வருகைக்கு 2 என்றுதான் சொல்வேன். பெயர்ப் பட்டியல் கேட்டால் கொடுப்பேனா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை.