பதினொரு அறிக்கைகளும் ஓர் உப்புக் கிணறும்

திருகோணமலையில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கண்காணிப்பு, மதிப்பீட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். 2024இல் நாங்கள் அனுப்பிய ஓர் இறுதி அறிக்கையைக் கொடையாளர் திருப்பி அனுப்பினார்கள். கணக்கில் பிழை இல்லை, திகதியும் பிந்தவில்லை. "என்ன செய்தீர்கள் என்பது தெரிகிறது. அதனால் மக்களுக்கு என்ன ஆனது என்பது தெரியவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். கடைசித் தவணைப் பணமும் நின்றுவிட்டது. மூன்று வருட அறிக்கைகளையும் எடுத்து அவற்றின் தரம் எப்படி என்று பார்த்துச் சொல்லும்படி கொழும்பு அலுவலகம் என்னைக் கேட்டது. மொத்தம் பதினொன்று. இதே வேலை உங்களில் யாருக்காவது வந்தால் உதவும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

தொடக்கத்தில் எனக்கு வழி தெரியவில்லை. கையில் இருந்த கையேடுகளில் கேள்விகளைப் பொறுக்கி எடுத்து, 42 கேள்விகளோடு ஒரு படிவம் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து நான்கு வரை புள்ளி. சுருக்கம் இருக்கிறதா, குறிகாட்டிகள் அட்டவணையில் இருக்கின்றனவா, எண்ணிக்கையை ஆண், பெண், வயது என்று பிரித்திருக்கிறார்களா, படங்கள் இருக்கின்றனவா, இப்படியே போனது. முதல் நாலு அறிக்கைகளுக்கும் நல்ல புள்ளி வந்தது. அவற்றில் ஒன்று கொடையாளர் திருப்பி அனுப்பிய அதே அறிக்கை. படிவத்தில்தான் பிழை என்று அப்போது விளங்கியது. இருக்கிறதா என்று கேட்டால் எல்லாம் இருக்கும். இருப்பது உண்மையா, அதை நம்ப என்ன ஆதாரம் என்று என் படிவம் ஓரிடத்திலும் கேட்கவில்லை.

தனியாக இருந்து புள்ளி போடக் கூடாது என்பதையும் அந்த வாரம்தான் கற்றுக்கொண்டேன். மூதூரைச் சேர்ந்த மூத்த உத்தியோகத்தர் ஒருவர் எங்களோடு இருக்கிறார், நான் நானா (அண்ணன்) என்று கூப்பிடுகிறவர். ஒருவர் போட்ட புள்ளியை மற்றவர் பார்க்காமல் இருவரும் வாசிப்பது என்று பேசிக்கொண்டோம். திரும்பி வந்த அந்த அறிக்கை வெருகல் பக்கம் செய்த குடிநீர்த் திட்டத்தைப் பற்றியது. ஆதாரம் என்ற தலைப்பில் நான் அதற்கு மூன்று போட்டிருந்தேன், அவர் ஒன்று.

"தங்கச்சி, அட்டவணை எல்லாம் வடிவா இருக்கு. ஆனா அந்த ஊருக்குப் போனவன் நான். இதில அந்த ஊர் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

அரை நாள் இருந்து பேசினோம். யார் சொன்னது, எப்போது கேட்டது, எத்தனை பேரிடம் கேட்டது என்பது எழுதப்பட்டு, குறைந்தது இரண்டு வேறு வேறு இடங்களில் இருந்து அது உறுதியானால் நான்கு. "மக்களின் வாழ்க்கைத்தரம் மேம்பட்டது" என்று சும்மா ஒரு வசனம் மட்டும் இருந்தால் ஒன்று. ஒவ்வொரு தலைப்புக்கும் ஒன்று என்றால் என்ன, நான்கு என்றால் என்ன என்று இப்படி எழுதிவைத்தோம். இந்த அரை நாளை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். அதற்குப் பிறகு எங்கள் புள்ளிகள் ஒன்றுக்கு மேல் விலகியது இரண்டு இடங்களில்தான்.

42 கேள்விகளையும் எட்டுத் தலைப்புகளாகக் குறைத்தோம். அந்த எட்டும் எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. 2016இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான உச்சிமாநாட்டில் பெரிய கொடையாளர்களும் உதவி நிறுவனங்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அறிக்கைகளை எளிதாக்கி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது அதில் ஒரு பகுதி. எட்டும் மூன்றும் என்று சொல்லப்படும் படிவம் அதிலிருந்து வந்தது. எட்டு அடிப்படைக் கேள்விகள் எல்லாருக்கும் பொது, அதற்குமேல் கொடையாளர் விரும்பினால் மூன்று சேர்க்கலாம். ஈராக், மியன்மார், சோமாலியா ஆகிய நாடுகளில் அதை முதலில் பரீட்சித்துப் பார்த்தார்கள். எங்களுக்கு இது எவ்வளவு பெரிய விடயம் என்பது நான்கு கொடையாளருக்கு நான்கு வடிவத்தில் ஒரே கிணற்றைப் பற்றி எழுதியவர்களுக்குத் தெரியும். களத்துக்குப் போக வேண்டிய நாட்கள் அப்படித்தான் கரைந்து போகின்றன.

எட்டில் இரண்டாவது, திட்டத்தில் வந்த மாற்றங்கள். பதினொரு அறிக்கைகளில் ஏழில் அந்த இடத்தில் "மாற்றம் இல்லை" என்று இருந்தது. அவற்றில் மூன்று 2022ஆம் ஆண்டுக்கானவை. பெற்றோலுக்கும் டீசலுக்கும் நாள் கணக்கில் வரிசையில் நின்ற வருடம் அது. வாகனம் ஓடவில்லை, சீமெந்து விலை எங்கேயோ போனது, களத் தம்பிமார் சைக்கிளில் போனார்கள். ஒன்றுமே மாறாமல் திட்டம் நடந்தது என்று எழுதியதை வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது. அந்தத் தம்பிமாரின் உழைப்பு அந்த ஒரு வசனத்தில் இல்லாமல் போய்விட்டது.

அடுத்ததாக எண்கள். ஒவ்வோர் அறிக்கையிலும் மூன்று எண்களை மட்டும் எடுத்து, அவை எங்கிருந்து வந்தன என்று பின்னோக்கிப் போவது என்று வைத்துக்கொண்டோம். அறிக்கையில் இருந்து எக்செல் அட்டவணைக்கு, அங்கிருந்து மாத அறிக்கைக்கு, அங்கிருந்து கையெழுத்தும் பெருவிரல் அடையாளமும் வைத்த பதிவேட்டுக்கு, கடைசியில் ஆளுக்கு. எல்லா எண்ணையும் தேடப் போனால் வருடம் முடிந்துவிடும், மூன்றே போதும். எங்கே கயிறு அறுகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

குடிநீர்த் திட்ட அறிக்கையில் 1,248 பயனாளிகள் என்று இருந்தது. பதிவேட்டில் 312 குடும்பங்கள். குடும்பத்துக்கு நாலு பேர் என்று பெருக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கிராம சேவகரிடம் இருந்த பட்டியலோடு ஒப்பிட்டுத் தலை எண்ணியபோது 1,087 பேர் வந்தார்கள். வேறொரு அறிக்கையில் மலசலகூடம் கிடைத்த குடும்பமும் வீட்டுத்தோட்டப் பயிற்சிக்கு வந்த அதே குடும்பமும் இரண்டாகக் கூட்டப்பட்டிருந்தன. யாரும் களவு செய்யவில்லை. ஆனால் நாலால் பெருக்குகிற பழக்கம் வந்த பிறகு, ஒரு வீட்டில் தனியாக இருக்கும் கிழவியும் ஏழு பிள்ளைகள் உள்ள வீடும் தாளில் ஒன்றாகிவிடுகின்றன. தண்ணீர் தூக்க முடியாதவர் யார் என்பது அங்கேயே மறைந்துவிடுகிறது.

கணக்கு அறிக்கையையும் எழுத்து அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்வேன். பெரும்பாலும் இரண்டையும் இரண்டு பேர் எழுதுகிறார்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்ப்பதில்லை. ஓரிடத்தில் பயிற்சிகள் எல்லாம் முடிந்தன என்று எழுத்து சொன்னது, பயிற்சிக்கான பணத்தில் பாதி செலவாகவில்லை என்று கணக்கு சொன்னது.

ஓகஸ்ட் மாதம் வெருகலுக்குப் போனோம். கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர், கிளிவெட்டி வழியாகப் போகிற பாதை. கச்சான் காற்றில் எல்லாம் காய்ந்து கிடந்தது. எங்கள் திட்டத்தில் கட்டிய திறந்த கிணறுகள் நான்கு. ஒரு திறந்த கிணற்றை 400 பேருக்கு மேல் நம்பியிருக்கக் கூடாது என்று, மனிதாபிமான உதவிக்கான குறைந்தபட்சத் தரங்களைச் சொல்லும் ஸ்பியர் கையேடு சொல்கிறது. நான்கு கிணற்றுக்கு 1,600 பேர் வரை சரி, ஆகவே இலக்கு எட்டப்பட்டது என்று அறிக்கையில் எழுதியிருந்தோம். போய்ப் பார்த்தால் ஒன்றில் சேறுதான் இருந்தது. இன்னொன்றில் தண்ணீர் இருந்தது. நான் வாளியை இறக்கப் போனதைப் பார்த்து ஓர் அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார்:

"அது உப்பு, பிள்ளை. உடுப்புத் தோய்க்கலாம். குடிக்கிறதுக்கு அங்கால கிணத்துக்குத்தான் போறம். கோயில் திருவிழாவுக்குச் சனம் வந்தா அதுவும் காணாது."

மிச்சம் இரண்டு கிணறு, 1,087 பேர். ஒரு கிணற்றுக்கு 543 பேர். தண்ணீர் மிகவும் தேவைப்படும் மாதங்களில் எங்கள் இலக்கு எட்டப்படவில்லை. நாங்கள் அளந்தது ஜனவரியில், மாரி மழை பெய்து எல்லாக் கிணறும் நிறைந்து, தண்ணீர் நன்றாக இருந்த நேரத்தில். அளந்த மாதம் எது என்ற கேள்வியை அன்றே என் படிவத்தில் சேர்த்தேன்.

என்னை உலுக்கியது அதற்குப் பிறகு நடந்தது. அந்த ஊருக்குப் பொறுப்பான களத் தம்பியிடம், இதை ஏன் சொல்லவில்லை என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் தன் கோப்பை எடுத்துவந்தார். முந்திய வருட ஓகஸ்ட் மாத அறிக்கை, அவர் கையெழுத்தில், தமிழில்: இரண்டாம் கிணறு உவர்ப்பு, பெண்கள் குடிக்க எடுப்பதில்லை, மாதர் சங்கத் தலைவி நான்காம் கிணற்றடியில் முறை வைத்துத் தண்ணீர் பங்கிடுகிறார். எல்லாம் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் அதை ஆங்கிலத்தில் சுருக்கும்போது "கிணறுகள் பயன்பாட்டில் உள்ளன" என்று ஒரு வரியாகிவிட்டது. கொழும்பில் அந்த வரி "இலக்கு எட்டப்பட்டது" ஆனது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கொடையாளர் கேட்ட கேள்விக்குப் பதில் ஒரு வருடமாக எங்கள் அலுமாரியிலேயே இருந்திருக்கிறது.

அன்றிலிருந்து நாங்கள் எந்த அறிக்கையை மதிப்பிட்டாலும் களத்தில் முதலில் எழுதிய தமிழ்க் குறிப்பைப் பக்கத்தில் வைத்துத்தான் வாசிக்கிறோம். எது விடுபட்டது, யார் விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்பதே மதிப்பீட்டில் பாதி.

படங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டு அறிக்கைகளில் பெண் தலைமைக் குடும்பங்களின் கதை முழுப் பெயர், ஊர், முகம் தெரியும் படம் எல்லாவற்றோடும் வந்திருந்தது. இதில் ஒரு சகோதரி, தன் கணவர் காணாமல் போனது அச்சில் வந்திருப்பதை நாங்கள் சொல்லித்தான் அறிந்தார். அவர் கோபப்படவில்லை, "கேட்டிருந்தா பேரை மாத்தச் சொல்லியிருப்பன்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சம்மதம் கேட்டது எப்படி, எந்த மொழியில் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத கதை இப்போது எங்கள் அறிக்கையில் போகாது.

சுனாமி வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கும் படிவங்களோடு நிறையப் பேர் வந்தார்கள். அம்மா ஒரே பதிலை எத்தனையோ தடவை சொன்னார். அந்தப் பதில்களை வைத்து எழுதியது எதுவும் எங்களிடம் திரும்பி வந்ததில்லை. அந்த நிவாரணப் பணிகளைக் கூட்டாக மதிப்பிட்டு 2006இல் வந்த அறிக்கையும், உதவியைக் கொண்டுவந்து கொடுப்பதை விட மக்களின் சொந்த முயற்சிக்குத் துணை நிற்பதையும் அவர்களுக்குப் பதில் சொல்வதையுமே வலியுறுத்தியது. எனவே திருத்திய அறிக்கையை அனுப்ப முன் ஊரில் வாசித்துக்காட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். கொழும்பில் தயங்கினார்கள். குறையை எழுதினால் அடுத்த முறை பணம் வராது என்ற பயம் நியாயமானது, பதினான்கு பேரின் சம்பளம் அதில் இருக்கிறது. இருந்தாலும் கடைசியில் சம்மதித்தார்கள்.

மாதர் சங்கக் கூட்டத்தில் தமிழில் வாசித்தோம், நானா வாசித்தார். தலைவி மூன்று இடத்தில் நிறுத்தினார். பயிற்சிக்கு 40 பேர் வந்ததாக எழுதியது பிழை, சாப்பாட்டு நேரத்துக்கு வந்தவர்களையும் சேர்த்திருக்கிறீர்கள் என்றார். மூன்றாம் கிணற்றின் கட்டுச் சுவரை உயர்த்தியது சங்கத்தின் காசு, அதையும் எழுதுங்கள் என்றார். முறை வைத்துத் தண்ணீர் எடுக்கிற ஏற்பாட்டில் மாற்றுத்திறனாளி இருக்கும் வீடுகளுக்கு முதல் முறை என்பது எங்களுக்கு அங்கேதான் தெரியவந்தது. மூன்றையும் சேர்த்தோம்.

அறிக்கை பத்துப் பக்கம் குறைந்தது. 1,087 என்று எழுதினோம், உப்புக் கிணற்றை எழுதினோம், ஜனவரியில் அளந்தது எங்கள் பிழை என்றும் எழுதினோம். ஐந்து வாரம் பதில் இல்லை, அந்த ஐந்து வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை. அப்புறம் பதில் வந்தது. அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள், நின்றுபோன தவணைப் பணத்தைத் தந்தார்கள், செலவாகாமல் இருந்த பணத்தில் பாடசாலைக்கு மழைநீர்த் தாங்கி கட்ட ஆறு மாதம் நீடிப்பும் தந்தார்கள்.

இப்போது ஒவ்வொரு கொடையாளர் அறிக்கைக்கும் இரண்டு பக்கத் தமிழ்ப் பிரதி ஒன்று ஊருக்குப் போகிறது. செருவில பக்கத் திட்டத்துக்குச் சிங்களத்தில் வாசிக்க வேண்டும். எனக்குக் கடைத்தெருச் சிங்களம்தான் வரும், நானாவுக்குக் கொஞ்சம் கூட. அங்குள்ள முன்பள்ளி ஆசிரியை ஒருவர் வாசிக்க ஒத்துக்கொண்டிருக்கிறார். மழை தொடங்க முன், ஒக்டோபரில் போகிறோம்.